ஒரு கையெழுத்து, ரெண்டு சமோசா, ஒரு போஷ் ட்ரெயினிங்

ரொம்ப நாளா டிராஃப்ட்லயே கிடந்த பதிவு. எழுதினா என் மானமும் கொஞ்சம் போகும்னு தள்ளிப்போட்டுக்கிட்டே வந்தேன். போன வாரம் ஒரு நண்பர், "இந்த போஷ் ட்ரெயினிங் எல்லாம் கம்பெனிக்காரன் காசு புடுங்குற வேலை, நம்ம ஆளுங்களைக் கெட்டவனாக் காட்டுறதுக்குன்னே கொண்டு வந்தது"ன்னு ஒரு பின்னூட்டம் போட்டார். இதுக்கு மேல தாங்காது. நீளமான பதிவு. டீயோட வாங்க.

முதல்ல என் கதை.

திருவொற்றியூர்ல பொறந்து வளர்ந்தவன் நான். நம்ம பக்கம் ஒரு சரக்கு யார்டுல (பேர் வேணாம்) சில வருஷம் ஷிப்ட் சூப்பர்வைசரா இருந்தேன். ஒருநாள் மத்தியானம் ரெண்டு மணி, ஷிப்ட் மாறுற நேரம். எச்.ஆர்.லேர்ந்து ஒரு தம்பி வந்தார். "சார், எல்லாரும் ஒரு பத்து நிமிஷம் கேன்டீனுக்கு வாங்க"ன்னார். போனோம். சுவத்துல ஏழெட்டு ஸ்லைடு ஓடிச்சு, எல்லாம் இங்கிலீஷ். ஸ்லைடு முடியறதுக்குள்ள சமோசா வந்துடுச்சு. கூடவே ஒரு அட்டென்டன்ஸ் ஷீட். தலைப்புல "பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புப் பயிற்சி - 2 மணி நேரம்"னு போட்டிருந்தது. பத்து நிமிஷத்துக்கு ரெண்டு மணி நேரம்னு எல்லாரும் கையெழுத்துப் போட்டோம். நானும் போட்டேன். ரெண்டு சமோசா சாப்பிட்டேன். கான்ட்ராக்ட்ல வேலை செஞ்ச பொம்பளைங்க யாரையும் கூப்பிடல. அவங்க வெளியில யார்டைப் பெருக்கிக்கிட்டு இருந்தாங்க.

மூணு மாசம் கழிச்சு அந்தப் பெருக்குற அக்காங்கள்ல ஒருத்தங்க எங்கிட்ட வந்தாங்க.

"தம்பி, என்னைய நைட்டு ஷிப்ட்ல போடாதீங்க."

"ஏன்க்கா, வண்டிதான் வீட்டாண்ட வரைக்கும் விடுதே?"

கொஞ்ச நேரம் தரையையே பாத்தாங்க. அப்புறம் லோடிங் பக்கம் ஒரு இன்சார்ஜ் பேரைச் சொன்னாங்க. "பேச்சு சரியில்ல தம்பி. அந்த ஆளு இருந்தா கொடோனுக்குள்ள போவவே பயமா இருக்கு."

நான் என்ன பண்ணேன் தெரியுமா? "நான் பேசிக்கிறேன்க்கா, நீங்க கொஞ்சம் அனுசரிச்சுப் போங்க"ன்னேன். அன்னிக்கு சாயங்காலமே டீக்கடையில அந்த ஆளு தோள்ல கையப் போட்டு, "இன்னா தலைவா, உன் மேல கம்ப்ளெய்ன்ட் வருது, பாத்து இருந்துக்கோ"ன்னு சிரிச்சுக்கிட்டே சொன்னேன். நல்லது பண்ணிட்டதா ஒரு நினைப்பு வேற.

அடுத்த வாரம் அந்த அக்கா வேலைக்கு வரல. கான்ட்ராக்டரைக் கேட்டா, "ஆள் ஜாஸ்தியாயிடுச்சு சார், நிறுத்திட்டோம்"னார்.

அன்னிக்கு எனக்கு எதுவும் உறைக்கல. பல வருஷம் கழிச்சுத்தான் அந்தச் சட்டத்தை உக்காந்து படிச்சேன். படிக்கப் படிக்க வயித்தைக் கலக்கிடுச்சு.

*

சட்டம் என்ன சொல்லுதுன்னு சுருக்கமாப் பாத்துடுவோம். 1992-ல ராஜஸ்தான்ல ஒரு குழந்தைத் திருமணத்தைத் தடுக்கப் போன அரசு ஊழியை பன்வாரி தேவிக்கு நடந்த கொடுமைதான் தொடக்கம். அதைத் தொட்டுப் போட்ட வழக்குல 1997 ஆகஸ்ட் 13-ல உச்ச நீதிமன்றம் விசாகா வழிகாட்டுதல்களைக் கொடுத்துச்சு. அதைச் சட்டமாக்க நம்ம நாடாளுமன்றத்துக்கு இன்னும் 16 வருஷம் ஆச்சு. 2013-ல சட்டம் வந்து, அந்த வருஷம் டிசம்பர் 9-லேர்ந்து அமலுக்கு வந்துச்சு.

பத்து பேரோ அதுக்கு மேலயோ வேலை செய்யுற இடம்னா உள்ளகக் குழு வைக்கணும். தலைமை ஒரு மூத்த பெண் ஊழியர், உறுப்பினர்ல குறைஞ்சது பாதி பெண்கள், வெளியிலேர்ந்து ஒருத்தர். பத்துக்குக் கீழன்னாலோ, முதலாளி மேலயே புகார்னாலோ மாவட்டத்துல உள்ள உள்ளூர்க் குழுவுக்குப் போகலாம். சம்பவம் நடந்து மூணு மாசத்துக்குள்ள புகார் கொடுக்கணும். நியாயமான காரணம் இருந்தா குழு இன்னும் மூணு மாசம் நீட்டிக்கலாம். விசாரணையை 90 நாள்ல முடிக்கணும்.

இப்ப என் கதைக்கு வாங்க. அந்த அக்காவுக்கு எழுதத் தெரியாது. எழுத முடியாதவங்களுக்குப் புகாரை எழுத்துல கொடுக்கத் தேவையான உதவியைக் குழு செய்யணும்னு பிரிவு 9 சொல்லுது. இப்படி ஒரு குழு இருக்குன்னே நான் அவங்ககிட்ட சொல்லல. ஏன்னா எனக்கே தெரியாது. கான்ட்ராக்டர் மூலமா வந்த தொழிலாளியும், தினக்கூலியும், அப்ரென்டிஸும் இந்தச் சட்டப்படி ஊழியர்தான். நானோ "அவங்க கான்ட்ராக்ட், நம்ம கணக்குல வராது"ன்னு நினைச்சுக்கிட்டிருந்தேன். கம்பெனி வண்டியும் பணியிடம்தான், அதுவும் தெரியாது. எல்லாத்துக்கும் மேல, அவங்க பயந்து சொன்ன விஷயத்தை யாருக்குப் பயந்தாங்களோ அந்த ஆளுகிட்டயே கொண்டுபோய்ச் சேத்தேன்.

நான் கெட்டவன் இல்லைங்க. ஒண்ணும் தெரியாதவன். ஆனா காகிதத்துல நான் "2 மணி நேரம் பயிற்சி பெற்ற சூப்பர்வைசர்". என் கையெழுத்தே சாட்சி.

*

சரி, இந்தப் பயிற்சியைப் பத்தி சட்டம் என்னதான் சொல்லுது? பிரிவு 19-ஐப் படிங்க. ஊழியர்களுக்கு விழிப்புணர்வு ஏற்படுத்த "குறிப்பிட்ட கால இடைவெளிகளில்" பயிலரங்கு நடத்தணும், குழு உறுப்பினர்களுக்குப் பயிற்சி கொடுக்கணும், தண்டனை விவரத்தைக் கண்ணுல படுற மாதிரி ஒட்டணும். அவ்வளவுதான். எத்தனை மணி நேரம்? எத்தனை மாசத்துக்கு ஒருதரம்? எந்த மொழியில? சூப்பர்வைசருக்குத் தனியா உண்டா? மூச்.

இதுதான் என் சண்டை. பயிற்சின்னு வாயால சொல்லிட்டு, அது யாருக்கு ரொம்பத் தேவையோ அந்த ஆளைச் சட்டம் பேர் சொல்லிக் கூப்பிடல.

நம்ம ஏரியாவுல வேலை எப்படி நடக்குதுன்னு தெரிஞ்சவங்களுக்கு இது புரியும். ராயபுரம், காசிமேடு பக்கம் இறால் உரிக்கிற பொம்பளைங்க, தண்டையார்பேட்டை தையல் யூனிட்டு, மணலி, எண்ணூர் பக்கத்துக் கொடோன், கேன்டீன், ஹவுஸ்கீப்பிங். இங்கெல்லாம் வேலை செய்யுற பொம்பளைக்கு முதலாளி யாருன்னு தெரியாது. எம்.டி. மூஞ்சியைப் பாத்திருக்க மாட்டாங்க. எச்.ஆர். ரூம் எந்த மாடின்னு தெரியாது. அவங்களுக்குக் கம்பெனின்னா அது மேஸ்திரி, இல்லன்னா சூப்பர்வைசர். யார் எந்த ஷிப்ட், யாருக்கு ஓ.டி., யார் பாத்ரூம் போயி எத்தனை நிமிஷம் ஆச்சு, நாளைக்கு கேட் பாஸ் உண்டா இல்லையா, எல்லாம் அந்த ஆள் கையில.

2025 ஆகஸ்ட்ல நம்ம ராயபுரம் மண்டலத்துத் தூய்மைப் பணியாளர்கள் திரு.வி.க. நகர் மண்டலத்துக்காரங்களோட சேந்து ரிப்பன் மாளிகை வாசல்ல 13 நாள் உக்காந்தாங்களே, ஞாபகம் இருக்கா? பெரும்பாலும் பொம்பளைங்க. வேலையைத் தனியாருக்குக் கொடுக்காதேன்னு சண்டை. இப்படி மேல இருக்கற முதலாளி மாறிக்கிட்டே இருப்பான். தெருவுல நின்னு வேலை வாங்குற மேற்பார்வை மட்டும் எப்பவும் இருக்கும்.

சட்டத்தோட பிரிவு 3-ஐப் படிச்சா இன்னும் தெளிவாகும். வேலையில சலுகை தர்றேன்னு ஆசை காட்டுறது, வேலையில கஷ்டம் கொடுப்பேன்னு மிரட்டுறது, இப்ப இருக்கற வேலைக்கோ நாளைக்கு வரப்போற வேலைக்கோ உலை வைப்பேன்னு சொல்றது, வேலை செய்ய முடியாத சூழலை உண்டாக்குறது. இதையெல்லாம் செய்யக்கூடிய அதிகாரம் கம்பெனியில யாருகிட்ட இருக்கு? கேட்ல நிக்கிற செக்யூரிட்டிகிட்டயா?

*

"சும்மா கதை விடாதே, ஆதாரம் காட்டு"ன்னு கேப்பீங்க. மூணு உதாரணம்.

ஒண்ணு, நம்ம சென்னை. ஒரு பெரிய மென்பொருள் கம்பெனியில மூணு பெண் ஊழியர்கள் தங்களோட மேலாளர் மேல புகார் கொடுத்தாங்க. ரொம்ப நெருக்கமா வந்து நிக்கிறார், தோளைத் தொடுறார்னு. அவர் தரப்பு விளக்கம், வேலையைக் கண்காணிக்கிறது என் பொறுப்பு, அதனால பக்கத்துல நிக்க வேண்டியிருந்தது. உள்ளகக் குழு அவர் மேல தப்புன்னு சொல்லுச்சு. தொழிலாளர் நீதிமன்றம் அதை ரத்து பண்ணுச்சு. 2025 ஜனவரியில சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆர்.என். மஞ்சுளா குழு சொன்னதுதான் சரின்னு தீர்ப்பளிச்சார். இந்தச் சட்டத்துல, செஞ்சவரோட உள்நோக்கத்தை விட, செஞ்ச செயல் அந்தப் பெண்ணுக்கு எப்படி இருந்ததுங்கறதுதான் முக்கியம்னு சொன்னார்.

இதை எத்தனை சூப்பர்வைசருக்குச் சொல்லிக் கொடுத்திருக்காங்க? "நான் தப்பா நினைச்சுப் பண்ணல சார்"னு சொன்னா தப்பிச்சுக்கலாம்னுதான் நம்ம ஊர்ல இன்னும் நினைச்சுக்கிட்டிருக்கோம்.

ரெண்டாவது, திண்டுக்கல். 2021 ஜனவரியில ஒரு ஆயத்த ஆடை ஆலையில வேலை செஞ்ச இளம் தலித் பெண் தொழிலாளி கொலை செய்யப்பட்டாங்க. கைதானது அதே ஆலையோட சூப்பர்வைசர். அதுக்கப்புறம் பெண்கள் தலைமையில நடக்குற தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன் விடாம போராடி, 2022 ஏப்ரல்ல ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸ் கம்பெனியோட "திண்டுக்கல் ஒப்பந்தம்" போட்டுச்சு. அவங்ககிட்ட துணி வாங்குற எச் அண்ட் எம் மாதிரி பெரிய பிராண்டுகளும் தனியா கையெழுத்துப் போட்டாங்க. அதுல என்ன விசேஷம்னா, பயிற்சி தொழிலாளிக்கு மட்டும் இல்ல, சூப்பர்வைசருக்கும் உண்டு, மேனேஜருக்கும் உண்டு. தொழிலாளர்கள்ல இருந்தே சுமார் 25 பேருக்கு ஒரு கண்காணிப்பாளர். புகார் சொன்னவங்களைப் பழிவாங்கக் கூடாதுன்னு ஷரத்து. ஒரு உயிர் போனதுக்கு அப்புறம்தான் இது வந்துச்சுங்கறதை மறந்துடாதீங்க.

மூணாவது, கலிஃபோர்னியா. (உடனே "அமெரிக்காக்காரன் சொன்னாத்தான் கேப்பியா"ன்னு வராதீங்க. முழுசாப் படிங்க.) அங்க 2004-லயே சட்டம் போட்டாங்க. 50 பேரோ அதுக்கு மேலயோ வேலை செய்யுற இடத்துல ஒவ்வொரு சூப்பர்வைசருக்கும் ரெண்டு வருஷத்துக்கு ஒருதரம் ரெண்டு மணி நேரப் பயிற்சி. புதுசா சூப்பர்வைசர் ஆனவருக்கு ஆறு மாசத்துக்குள்ள. 2018-ல அதை அஞ்சு பேர் இருக்கற இடம் வரைக்கும் இறக்கி, மத்த ஊழியர்களுக்கும் ஒரு மணி நேரம்னு வெச்சாங்க. சூப்பர்வைசர் காதுல விஷயம் விழுந்தா அதை மேலிடத்துக்குக் கொண்டுபோற கடமை அவருக்கு உண்டுங்கறதும் அந்தப் பயிற்சியில சொல்லித் தரணும். அதனால அங்க எல்லாம் சொர்க்கமாயிடுச்சுன்னு நான் சொல்ல வரல. ஆனா அங்க ஒரு சூப்பர்வைசர் "எனக்குத் தெரியாது"ன்னு சொல்ல முடியாது. நான் இங்க சொன்னேன். யாரும் என்னை ஒரு வார்த்தை கேக்கல.

*

இனி வழக்கமா வர்ற கேள்விகள்.

"ரெண்டு மணி நேரம் பாடம் எடுத்தா பொறுக்கி திருந்திடுவானா?"

மாட்டான். ஆனா இந்தக் கேள்வியை சேஃப்டி ட்ரெயினிங்குக்கு யாராவது கேக்கறீங்களா? நம்ம பக்கம் எந்தப் பெரிய கம்பெனிக்குப் போனாலும் சேஃப்டி இன்டக்‌ஷன் முடிக்காம, ஹெல்மெட், ஷூ இல்லாம கேட்டைத் தாண்ட விடமாட்டான். 2023 டிசம்பர்ல எண்ணூர் பெரியகுப்பத்துல நடுராத்திரி அமோனியா கசிஞ்சு ஜனம் மூச்சு முட்டி ஓடினப்ப, "ட்ரெயினிங் கொடுத்தா மட்டும் கேஸ் கசியாதா"ன்னு யாரும் கேக்கல. சைரன் அடிச்சா யார் எங்க போகணும், யாரைக் கூப்பிடணும்னு தெரிஞ்சிருக்கணும்னுதான் கேட்டோம். இதுவும் அதேதான். பொறுக்கியைப் புத்தனாக்குறது பயிற்சியோட வேலை இல்ல. பக்கத்துல இருக்கற என்னை மாதிரி பத்துப் பேருக்கு, ஒரு பொம்பளை வந்து சொன்னா என்ன செய்யணும், என்ன செய்யவே கூடாதுன்னு சொல்லித் தர்றதுதான் அதோட வேலை.

"பொய்ப் புகார் கொடுத்து ஆம்பளை வாழ்க்கையை நாசம் பண்ணிடுவாங்களே?"

பயிற்சிக்குப் போயிருந்தா இந்தக் கேள்வியே வராது, அண்ணாச்சி. புகார் நகல் எதிர்த்தரப்புக்குக் கொடுக்கணும். பதில் சொல்ல 10 வேலை நாள் அவகாசம், சாட்சி சொல்ற உரிமை எல்லாம் இருக்கு. ரெண்டு பக்கமும் வக்கீல் வெக்க முடியாது. வேணும்னே பொய் சொன்னதா விசாரணையில தெரிஞ்சா பிரிவு 14-ல நடவடிக்கை உண்டு. நிரூபிக்க முடியலங்கறதுக்காக மட்டும் அதைப் பொய்னு சொல்லிட முடியாது, அவ்வளவுதான். சரி, என்கிட்ட வந்த அக்கா பொய் சொன்னாங்களா உண்மை சொன்னாங்களா? எனக்குத் தெரியாது. விசாரிக்கவே இல்லையே! விசாரணை இல்லாம தண்டனை ஒருத்தருக்குக் கிடைச்சுது. வேலை போச்சு. அது அந்த ஆளுக்கு இல்ல.

"சின்ன கம்பெனிக்காரன் செலவுக்கு எங்க போவான்?"

ரெண்டு மணி நேரம், ஒரு ஆள், ஒரு கேன்டீன். என்னய்யா பெரிய செலவு? ஒரு கன்டெய்னர் சில நாள் தேங்கி நின்னா எவ்வளவு கட்டணும்னு யார்டுக்காரங்களைக் கேளுங்க. உண்மையைச் சொல்லணும்னா, சட்டத்தை மீறினா வர்ற அபராதம்தான் சின்னது. முதல்தரம் 50,000 ரூபாய் வரைக்கும். அந்தத் தைரியத்துலதான் சமோசாவோட முடிச்சுடறாங்க.

அரசாங்கமும் ஒண்ணும் பெருசா கிழிச்சுடல. சட்டம் வந்து பத்து வருஷம் கழிச்சு, 2023 மே மாசம், அமலாக்கத்துல பெரிய ஓட்டைகள் இருக்குன்னு உச்ச நீதிமன்றமே வருத்தப்பட்டுச்சு. 2024 டிசம்பர்ல, எல்லா மாவட்டத்துலயும் மாவட்ட அதிகாரியை நியமிங்க, உள்ளூர்க் குழுவை அமைங்கன்னு கெடு வெச்சு உத்தரவு போட வேண்டியிருந்துச்சு. சட்டம் வந்த வருஷமே செஞ்சிருக்க வேண்டிய வேலை! கொசஸ்தலை ஆத்துக்கு அந்தப் பக்கம் அத்திப்பட்டு, காட்டுப்பள்ளி எல்லாம் திருவள்ளூர் மாவட்டம், இந்தப் பக்கம் எண்ணூர் சென்னை மாவட்டம். பாலத்துக்கு அந்தப்பக்கம் நாலு பேர் வேலை செய்யுற ஷெட்டுல இருக்கற பொம்பளைக்கு, தன் புகார் எந்த கலெக்டர் ஆபீசுக்குப் போகணும்னு யார் சொல்லியிருக்காங்க?

*

நான் கேக்கறது பெருசா ஒண்ணும் இல்ல.

1. சூப்பர்வைசர், மேஸ்திரி, ஷிப்ட் இன்சார்ஜ், கான்ட்ராக்டரோட ஆள்னு பேர் சொல்லி விதியில சேருங்க. பொறுப்பு ஏத்த ஆறு மாசத்துக்குள்ள பயிற்சி, அப்புறம் வருஷம் ஒருதரம்.

2. தமிழ்ல நடத்துங்க. வடக்கேயிருந்து வந்து வேலை செய்யறவங்களுக்கு அவங்க மொழியில. ஸ்லைடு போட்டுப் படிக்காம, "ஒருத்தங்க வந்து இப்படிச் சொன்னா நீ என்ன செய்வே"ன்னு கேட்டுப் பதில் வாங்குங்க.

3. கான்ட்ராக்ட் தொழிலாளியையும் உள்ள கூப்பிடுங்க. பெருக்குறவங்களை வெளிய நிறுத்திட்டு நடத்துறது பயிற்சி இல்ல.

4. காதுல விழுந்த புகாரைக் குழுகிட்ட கொண்டுபோறது சூப்பர்வைசரோட கடமைன்னு எழுதுங்க. மூடி மறைச்சா அதுவும் ஒழுங்கீனம்னு எழுதுங்க.

5. பொய் அட்டென்டன்ஸ் ஷீட்டுக்குத் தனி அபராதம். அந்த ஷீட் இல்லாம இருந்திருந்தா, "பயிற்சியே கொடுக்கல"ன்னாவது தெரிஞ்சிருக்கும். ஷீட் இருக்கறதாலதான் எல்லாம் சரியா இருக்கற மாதிரி தெரியுது.

இந்த ஊரைப் பத்தி ஒண்ணு சொல்லிட்டு முடிச்சுக்கறேன். 1918-ல சென்னைத் தொழிலாளர் சங்கம் பொறந்தது நம்ம வடசென்னையிலதான், பெரம்பூர்ல, பின்னி மில் தொழிலாளிங்களை வெச்சு. பி.பி. வாடியா, திரு.வி.க. எல்லாம் வந்து பேசினாங்க. அப்ப தொழிலாளி கேட்டது கூலி மட்டும் இல்ல. சாப்பிட நேரம் கொடு, மேல இருக்கற துரைமாருங்க அடிக்கிறதையும் கேவலமாப் பேசுறதையும் நிறுத்துன்னுதான் கேட்டாங்க. மேற்பார்வை பாக்கறவன் தொழிலாளி மேல கைய நீட்டக் கூடாதுன்னு நூறு வருஷத்துக்கு முன்னாடியே சண்டை போட்ட ஊரு இது. அந்தச் சண்டை பொம்பளைத் தொழிலாளிக்கு மட்டும் இன்னும் முடியல.

அந்த அக்காவை அப்பப்ப திருவொற்றியூர் தேரடிகிட்ட பாப்பேன். இட்லிக்கடை போட்டிருக்காங்க. "இன்னா தம்பி, நல்லாருக்கியா"ன்னு இன்னும் அதே மாதிரிதான் கேக்கறாங்க. இந்தப் பதிவை எழுதறதுக்கு முன்னாடி ஒருநாள் போய், அன்னிக்கு நான் பண்ணது தப்புக்கான்னு சொன்னேன். "உடு தம்பி, உனுக்கு இன்னா தெரியும்"னாங்க.

அதேதாங்க விஷயம். எனக்கு என்ன தெரியும்? தெரிஞ்சிருக்கணும்.

டிஸ்கி: நாளைக்கு ஆபீஸ் போனதும் ஒரு வேலை பண்ணுங்க. நோட்டீஸ் போர்டுல உள்ளகக் குழு உறுப்பினர் பேரும் போன் நம்பரும் இருக்கான்னு பாருங்க. இருந்தா, அந்தப் போர்டு இருக்கற இடத்துக்கு ஹவுஸ்கீப்பிங் அக்காங்க போக முடியுமான்னும் பாருங்க. பாத்துட்டுப் பின்னூட்டத்துல சொல்லுங்க. கம்பெனி பேர் வேணாம். "இருக்கு", "இல்ல" போதும். கும்மி அடிக்கறவங்க அடுத்த மொக்கைப் பதிவுல அடிச்சுக்கலாம், இதுல வேணாம்.